உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி மெஷின் ஸ்டார்ட் ஆகவில்லையா? ஸ்டார்ட்டர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள எங்கள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் தமிழ்ப்பள்ளித் திடல், கோயில் வளாகம், தோட்டத்து பங்களா என்று உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி மெஷின்கள் நிறைய ஓடுகின்றன. தோளில் மாட்டும் மெஷின் என்றால் கயிற்றை இழுத்துப் பார்க்கலாம். இதில் சாவிதான் வழி, சாவி வேலை செய்யாவிட்டால் அன்றைய வேலை அங்கேயே நின்றது. பட்டறைக்கு மெஷினைக் கொண்டுவருகிறவர்கள் பலர் "ஸ்டார்ட்டர் போச்சுண்ணே, புதுசு போட்டுடுங்க" என்று முடிவு செய்துகொண்டுதான் வருகிறார்கள். பெரும்பாலும் ஸ்டார்ட்டர், அதாவது இன்ஜினை முதலில் சுற்றிவிடும் மின்மோட்டார், நன்றாகவே இருக்கும், கோளாறு அதற்கு முன்னால் எங்கோ இருக்கும். கோயில் பணத்திலும் பெற்றோர் ஆசிரியர் சங்கப் பணத்திலும் ஓடுகிற மெஷினுக்குத் தேவையில்லாமல் ஒரு ஸ்டார்ட்டர் வாங்கிப் போட எனக்கு மனசு வருவதில்லை, அதனால் நானே சொல்லிச் சொல்லிப் பழகிய பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

சாவியைத் திருப்பினால் உள்ளே என்னதான் நடக்கிறது?

இதைப் புரிந்துகொண்டால் மற்ற எல்லாமே எளிது, அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். மெஷினில் இரண்டு கரண்ட் பாதைகள் இருக்கின்றன. ஒன்று மெல்லிய வயர் பாதை: பேட்டரியிலிருந்து ஃப்யூஸ், அங்கிருந்து சாவி சுவிட்ச், அப்புறம் பிரேக் மிதி சுவிட்ச், பிளேடு சுவிட்ச், சில மெஷின்களில் சீட் சுவிட்ச், கடைசியாக சோலினாய்டு, அதாவது சின்ன கரண்ட் வந்தால் காந்தத்தால் மூடும் பெரிய சுவிட்ச். இன்னொன்று தடித்த கேபிள் பாதை: பேட்டரியின் பிளஸ்ஸிலிருந்து சோலினாய்டு, அங்கிருந்து ஸ்டார்ட்டர் மோட்டார், பிறகு இன்ஜின் உடம்பு, சேஸி வழியாக எர்த் கேபிளில் பேட்டரி மைனஸுக்குத் திரும்பும். மெல்லிய பாதையில் வருகிற சின்ன கரண்ட் சோலினாய்டைத் தட்டி எழுப்புகிறது, அது 'டக்' என்று மூடியதும் தடித்த பாதையில் பெரிய கரண்ட் பாய்ந்து ஸ்டார்ட்டர் சுற்றுகிறது.

ஆகவே அந்த 'டக்' சத்தம் கேட்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. கேட்கவில்லை என்றால் மெல்லிய பாதையைத் தேடுங்கள், கேட்கிறது என்றால் தடித்த பாதையைத் தேடுங்கள். பேட்டரி மட்டும் இரண்டுக்கும் பொது.

ஒரு எச்சரிக்கை. சில இன்ஜின்களில் சாவியை முதல் நிலைக்குத் திருப்பியவுடனே கார்புரேட்டருக்கு அடியிலிருந்து 'டிக்' என்று ஒரு மெல்லிய சத்தம் வரும். அது பெட்ரோலைத் திறந்து மூடும் சின்ன சோலினாய்டு, ஸ்டார்ட்டருக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. போனில் "டிக் சத்தம் வருதுண்ணே" என்பவர்களிடம் நான் எப்போதும் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று கேட்பது அதனால்தான்.

ஒரு சத்தமும் இல்லை. செத்த மாதிரி இருக்கிறது. எங்கிருந்து ஆரம்பிப்பது?

முதலில் கருவியே வேண்டாம். பிரேக் மிதியை அடிவரை அழுத்துங்கள், பாதி அழுத்தினால் பல மெஷின்களில் சுவிட்ச் மூடாது. பிளேடு நெம்புகோலோ பொத்தானோ முழுக்க 'ஆஃப்' பக்கம் இருக்கிறதா பாருங்கள். மிதி இல்லாமல் இரண்டு கைப்பிடிகளால் திருப்பும் வகை மெஷின் என்றால் இரண்டு கைப்பிடிகளும் வெளியே விரிந்திருக்க வேண்டும், பார்க்கிங் பிரேக்கும் போட்டிருக்க வேண்டும். சீட்டில் சரியாக உட்கார்ந்துகொண்டு சாவியைத் திருப்புங்கள். பக்கத்தில் நின்றபடி திருப்பிவிட்டு ஓடவில்லை என்று சொல்கிறவர்கள் நிறைய. மெஷினில் கோளாறே இருக்காது, பாதுகாப்பு சுவிட்ச் தன் வேலையைச் செய்திருக்கும்.

அடுத்து ஃப்யூஸ். காரில் போடும் தட்டை ஃப்யூஸ்தான், பெரும்பாலும் 15 அல்லது 20 ஆம்பியர், சீட்டுக்கு அடியிலோ பேட்டரி பக்கத்திலோ டேஷ்போர்டுக்குப் பின்னாலோ ஒளிந்திருக்கும். கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். எரிந்திருந்தால் அதே அளவு ஃப்யூஸ் போடுங்கள், வெள்ளிக் காகிதம் சுற்றிப் போடாதீர்கள். புதுசும் உடனே எரிந்தால் எங்கோ ஒரு வயர் தோல் உரிந்து இரும்பைத் தொடுகிறது என்று அர்த்தம், சீட்டுக்கு அடியிலும் ஸ்டீயரிங் தண்டு பக்கத்திலும் வயர் உரசும் இடங்களைத் தேடுங்கள்.

ஃப்யூஸ் நல்லது என்றால் வோல்ட் அளக்கும் மீட்டரை (மல்டிமீட்டர்) எடுத்து சோலினாய்டின் சின்ன டெர்மினலில் வையுங்கள், ஒருவர் பிரேக்கை மிதித்துச் சாவியைத் திருப்பட்டும். அங்கே 12 வோல்ட் பக்கத்தில் வந்தும் 'டக்' இல்லை என்றால் சோலினாய்டு போய்விட்டது அல்லது அதற்கு எர்த் கிடைக்கவில்லை. சின்ன டெர்மினல் ஒன்றே ஒன்று உள்ள சோலினாய்டுக்கு அதன் உடம்பே எர்த், திருகு துருப்பிடித்தால் போச்சு. சின்ன டெர்மினல் இரண்டு இருந்தால் ஒன்று எர்த் வயர். கரண்டே வரவில்லை என்றால் பின்னோக்கிப் போங்கள்: பிளேடு சுவிட்ச், பிரேக் சுவிட்ச், சாவி சுவிட்ச். எந்த சுவிட்சின் ஒரு பக்கம் கரண்ட் இருந்து மறுபக்கம் இல்லையோ அதுதான் குற்றவாளி.

ஒரே ஒரு 'டக்' கேட்கிறது, அப்புறம் ஒன்றுமில்லை.

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான், அதிகமாகத் தவறாக முடிவெடுக்கப்படுவதும் இங்கேதான். சோலினாய்டு மூடுகிறது, ஆனால் பெரிய கரண்ட் ஸ்டார்ட்டரைச் சுற்றும் அளவுக்குப் போகவில்லை. காரணம் பேட்டரியாக இருக்கலாம், கேபிள் முனைகளாக இருக்கலாம், சோலினாய்டுக்குள் கருகிய செம்பாக இருக்கலாம், ஸ்டார்ட்டராகவும் இருக்கலாம். இந்த வரிசையில்தான் பார்க்க வேண்டும், ஏனென்றால் கோளாறு வருவதும் ஏறக்குறைய இந்த வரிசையில்தான்.

மெஷினைச் சில மணி நேரம் சும்மா விட்டுப் பிறகு பேட்டரியில் மீட்டர் வையுங்கள். 12.6 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் நிறைந்த பேட்டரி. 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கிட்டத்தட்ட காலி. "12 வோல்ட் பேட்டரியில் 12 வோல்ட் காட்டுது, அப்புறம் என்ன?" என்று கேட்பார்கள். 12 காட்டும் பேட்டரி பசித்த பேட்டரி. முதலில் சார்ஜ் போடுங்கள், மற்றதை அப்புறம் பேசலாம்.

சும்மா இருக்கும்போது காட்டும் அளவை மட்டும் நம்பாதீர்கள். மீட்டரை அப்படியே வைத்துக்கொண்டு சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் 9.6 வோல்ட்டுக்குக் கீழே சரிந்தால் பேட்டரிக்குத் தெம்பு இல்லை. சரியவே இல்லை, 12.5-இலேயே நிற்கிறது என்றால் கரண்ட் ஓடவே இல்லை, எங்கோ இணைப்பு விட்டிருக்கிறது. இந்த ஒரு சோதனை பாதி வேலையை முடித்துவிடும்.

'டக்டக்டக்' என்று வேகமாக அடிக்கிறதே?

பேட்டரி இறங்கிவிட்டது, அல்லது பேட்டரி முனை தளர்ந்திருக்கிறது. சோலினாய்டு மூடுகிறது, உடனே வோல்ட் சரிகிறது, பிடியை விடுகிறது, மறுபடியும் மூடுகிறது. அதுதான் அந்தச் சத்தம். முனைகளை இறுக்கிச் சார்ஜ் போடுங்கள், பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

என்னிடம் மீட்டர் இல்லை. வேறு வழி உண்டா?

ஹெட்லைட் இருந்தால் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். வெளிச்சம் அடங்கிப்போனால் பேட்டரி பலவீனம் அல்லது ஸ்டார்ட்டர் இறுகி அதிகக் கரண்ட் இழுக்கிறது. வெளிச்சம் கொஞ்சமும் மங்காவிட்டால் கரண்ட் ஸ்டார்ட்டருக்குப் போகவில்லை. ஆனால் சில மெஷின்களில் இன்ஜின் ஓடினால்தான் ஹெட்லைட்டே எரியும், அவற்றில் இது உதவாது. ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும் மலிவான மீட்டரே இந்த வேலைக்குப் போதும், ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். திடலைப் பார்த்துக்கொள்ளும் தம்பிமார்களுக்கு அரிவாள் தீட்டத் தெரிவது போல மீட்டர் பிடிக்கவும் தெரிய வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

பேட்டரி புதுசு, 12.6 காட்டுகிறது. இன்னும் சுற்றவில்லை. இப்போது ஸ்டார்ட்டர்தானே?

இன்னும் இல்லை. கேபிள்களைப் பாருங்கள். நம் ஊர் காற்றின் ஈரத்துக்குச் செம்பு பச்சை பூத்துவிடும், வெளியே நட் இறுக்கமாகத் தெரிந்தாலும் உள்ளே கரண்ட் போக வழி இருக்காது. முக்கியமாக எர்த் கேபிள் சேஸியில் திருகியிருக்கும் இடம். எல்லோரும் சிவப்பு கேபிளைத் துடைத்துப் பளபளவென்று வைக்கிறார்கள், கறுப்பு கேபிளின் அடுத்த முனை எங்கே போகிறது என்று யாரும் குனிந்து பார்ப்பதில்லை. புல்லும் சேறும் போய் அடைவதும் அங்கேதான்.

கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாததை மீட்டர் சொல்லும். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸ் ஈயக் குமிழிலும் மறுமுனையை இன்ஜினின் சுத்தமான இரும்பிலும் வைத்துக்கொண்டு சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். 0.2 வோல்ட் அளவுக்குள் இருந்தால் எர்த் நல்லது. அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று காட்டினால் அந்த வோல்ட் முழுவதும் துருவில் வீணாகிறது. பிறகு பிளஸ் குமிழிலிருந்து ஸ்டார்ட்டரின் தடித்த நட்டுக்கு இதே மாதிரி பாருங்கள், திருப்பும் நேரத்தில் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டக்கூடாது. அப்படிக் காட்டினால் சோலினாய்டின் இரண்டு பெரிய நட்டுகளுக்கு நடுவே தனியாக வைத்துப் பாருங்கள். அங்கேயே அதிகம் என்றால் உள்ளே கருகிவிட்டது, சோலினாய்டை மாற்றுங்கள். ஸ்டார்ட்டரின் விலையோடு பார்த்தால் அது சின்னச் செலவு.

சுத்தம் செய்யும் முறை: முதலில் மைனஸ் கேபிளைக் கழற்றுங்கள், மாட்டும்போது அது கடைசி. மாற்றிச் செய்தால் பிளஸ்ஸில் வைத்த ஸ்பேனர் சேஸியைத் தொட்டுத் தீப்பொறி பறக்கும். பேட்டரி முனையில் பூத்திருக்கும் வெள்ளைப் பொடியைச் சோடா மாவு கரைத்த தண்ணீர் ஊற்றிக் கம்பி பிரஷ்ஷால் தேயுங்கள், அந்தத் தண்ணீர் பேட்டரி மூடிக்குள் இறங்கக்கூடாது. நன்றாகக் காயவிட்டு, இறுக்கி, மேலே வாஸ்லின் தடவுங்கள்.

சோலினாய்டின் இரண்டு நட்டிலும் ஸ்க்ரூடிரைவர் வைத்தால் ஓடிவிடும் என்கிறார்களே, செய்யலாமா?

ஓடும், உண்மைதான். ஆனால் செய்யாதீர்கள். சாவி, பிரேக், பிளேடு, சீட் எல்லாவற்றையும் தாண்டி நேராக ஸ்டார்ட்டருக்குக் கரண்ட் கொடுக்கிறீர்கள். கியரில் இருந்தால் இன்ஜின் பிடித்த அந்த நொடியே மெஷின் நகரும், நீங்கள் அதன் முன்னாலோ பக்கத்திலோ குனிந்துகொண்டிருப்பீர்கள், அடியில் பிளேடு இருக்கிறது. பெட்ரோல் டாங்கும் பேட்டரியும் பக்கத்தில் இருக்க, நடுவில் தீப்பொறி வேறு. மேலே சொன்ன மீட்டர் சோதனை இதே பதிலை ஆபத்தில்லாமல் கொடுக்கிறது.

எந்தச் சோதனை செய்வதற்கு முன்னாலும் ஸ்பார்க் பிளக் வயரை உருவி இன்ஜினின் இரும்பில் எர்த் செய்துவிடுங்கள், இரண்டு சிலிண்டர் என்றால் இரண்டையும். பிரேக் போட்டு, நியூட்ரலில் வைத்து, சமதரையில் நிறுத்தி, அப்புறம் கை வையுங்கள்.

சீட் சுவிட்ச் தொல்லை தருகிறது. இரண்டு வயரையும் முறுக்கி விட்டுவிடலாமா?

என் பட்டறையில் அதைச் செய்து தரமாட்டேன். கோபித்துக்கொண்டு போனவர்களும் உண்டு, பரவாயில்லை. ஆள் சீட்டிலிருந்து விழுந்தால் பிளேடு நிற்க வேண்டும் என்பதற்காகத்தான் அந்த சுவிட்ச் இருக்கிறது. நம் இடங்கள் கோல்ஃப் திடல் மாதிரி சமமாக இல்லை: தோட்டத்து மேடு, மழையில் வழுக்கும் சரிவு, செம்பனை வேர் தூக்கிய தரை. போதாததற்கு பிள்ளைகள் சுற்றி நிற்பார்கள். பள்ளிக்கூட மெஷினில் இந்த வயரை முறுக்கி வைத்திருப்பதைப் பார்த்தால் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

தொல்லைக்குக் காரணம் பெரும்பாலும் சின்னதுதான். மழையில் நின்ற சீட்டின் அடியில் சுவிட்ச் துருப்பிடித்திருக்கும், வயர் பிளக் தளர்ந்திருக்கும், சீட் ஸ்பிரிங் உடைந்து எடை சரியாக அழுத்தாமல் இருக்கும். கழற்றித் துடைத்து மாட்டுங்கள், சரிவரவில்லை என்றால் புது சுவிட்ச் வாங்குங்கள். சாமான் வரும்வரை மெஷின் நிற்கட்டும்.

ஸ்டார்ட்டர் 'விர்ர்' என்று சுற்றுகிறது, ஆனால் இன்ஜின் அசையவில்லை.

கரண்ட் விஷயம் எல்லாம் சரி, பல்சக்கரம் ஏறவில்லை. ஸ்டார்ட்டர் சுற்றும்போது அதன் தலையில் உள்ள சின்னப் பல்சக்கரம் திருகுப் புரியில் ஏறிப் போய் இன்ஜினின் பெரிய சுழல்சக்கரமான ஃபிளைவீலின் பற்களில் மாட்ட வேண்டும். புல் தூசியும் பழைய கிரீஸும் சேர்ந்து பசையாகிவிட்டால் அது ஏறாது. மேல் மூடியைக் கழற்றிக் கையால் தூக்கிப் பாருங்கள், தாராளமாக ஏறி, விட்டால் இறங்க வேண்டும். பிரேக் கிளீனர் அடித்துத் துடைத்து உலரவிடுங்கள். கிரீஸ் மட்டும் அப்பாதீர்கள், அடுத்த மாதத் தூசியை அதுவே பிடித்து வைத்துக்கொள்ளும். உலர்ந்த சிலிகான் வகை ஸ்ப்ரே கொஞ்சம் அடித்தால் போதும்.

சில இன்ஜின்களில் இந்தப் பல்சக்கரம் பிளாஸ்டிக். பல் மொட்டையாகியிருந்தால் அதை மட்டும் தனியாக வாங்கிப் போடலாம். ஃபிளைவீல் பற்களையும் ஒரு முழுச் சுற்று கையால் சுற்றிப் பாருங்கள், ஓரிடத்தில் மட்டும் தேய்ந்திருந்தால் சில நேரம் பிடிக்கும், சில நேரம் நழுவும்.

பாதிச் சுற்று சுற்றி நின்றுவிடுகிறது. மறுபடி திருப்பினால் சில நேரம் போகிறது.

இந்தக் கேள்விக்காகவே இந்தப் பக்கத்தை எழுதலாம். ஒரே சிலிண்டர், மேல்வால்வு இன்ஜின்களில் இது மிகச் சாதாரணம். பேட்டரி மாற்றுவார்கள், சோலினாய்டு மாற்றுவார்கள், ஸ்டார்ட்டரும் மாற்றுவார்கள், கோளாறு அப்படியே இருக்கும், ஏனென்றால் அது கரண்ட் கோளாறே இல்லை.

பிஸ்டன் மேலே வரும்போது உள்ளே உள்ள காற்றை அழுத்த வேண்டும், அந்த அழுத்தம் சின்ன ஸ்டார்ட்டருக்குத் தாங்காது. அதனால் ஸ்டார்ட் ஆகும் மெதுவான வேகத்தில் மட்டும் ஒரு வால்வை லேசாகத் தூக்கிக் காற்றை வெளியே விடும்படி, வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டில் ஓர் ஏற்பாடு இருக்கிறது. தூக்கும் அளவு மிகக் கொஞ்சம். நாளடைவில் வால்வு இடைவெளி அகன்றுபோனால் அந்தக் கொஞ்சமும் இடைவெளியிலேயே தொலைந்துவிடும், வால்வு திறக்காது, பிஸ்டன் அழுத்தத்தில் முட்டி நிற்கும்.

சரிசெய்வது வால்வு இடைவெளியைத் திருத்துவதுதான். இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். பிளக்கைக் கழற்றுங்கள், வால்வு மூடியைத் திறங்கள், அழுத்தச் சுற்றில் பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்து அதைத் தாண்டி சுமார் 6 மில்லிமீட்டர் கீழே இறக்குங்கள், அப்போதுதான் அந்த வால்வு தூக்கும் ஏற்பாடு குறுக்கே வராது. பிறகு இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் நுழைத்துப் பாருங்கள். இங்கே அதிகம் புழங்கும் பிரிக்ஸ் அண்டு ஸ்ட்ராட்டன் இன்டெக் ஒற்றைச் சிலிண்டர் இன்ஜினுக்குக் காற்று வால்வு 0.003 முதல் 0.005 அங்குலம், புகை வால்வு 0.005 முதல் 0.007 அங்குலம். வேறு இன்ஜினுக்கு அதன் கையேட்டில் உள்ள அளவுதான். நட்டைத் தளர்த்தித் திருத்தி மறுபடி இறுக்கி, இறுக்கியபின் இன்னொரு முறை அளந்து பாருங்கள், இறுக்கும்போது நகரும். கேபிளும் பேட்டரியும் நன்றாக இருந்து, இடைவெளியும் சரியாக இருந்து, அப்படியும் முட்டினால் கேம் தண்டில் உள்ள அந்த ஏற்பாடு உடைந்திருக்கலாம். அது இன்ஜினைத் திறக்கும் வேலை, பட்டறைக்குக் கொடுங்கள்.

கொஞ்சமும் அசையவில்லை, ஆயிலில் பெட்ரோல் வாடை வருகிறது.

உடனே சாவியை விடுங்கள். கார்புரேட்டரில் மிதவை ஊசி மூடாமல் பெட்ரோல் சொட்டிச் சொட்டி சிலிண்டருக்குள் நிறைந்திருக்கிறது. காற்றை அழுத்தலாம், பெட்ரோலை அழுத்த முடியாது. வலுக்கட்டாயமாகச் சுற்றினால் உள்ளே ஏதாவது வளையும்.

பிளக்கைக் கழற்றி, பிளக் வயரை எர்த் செய்து, ஃபிளைவீலைக் கையாலேயே மெதுவாகச் சுற்றி வெளியேற்றுங்கள். பெட்ரோல் பீய்ச்சி அடிக்கும், பக்கத்தில் சிகரெட்டும் வேண்டாம், சாமி விளக்கும் வேண்டாம். ஊசியையும் அதன் இருக்கையையும் சுத்தம் செய்யுங்கள் அல்லது மாற்றுங்கள். ஆயில் முழுவதையும் மாற்றிய பிறகுதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும், பெட்ரோல் கலந்த ஆயில் தண்ணீர் மாதிரி, இன்ஜினைக் காப்பாற்றாது. டாங்குக்குக் கீழே ஒரு பெட்ரோல் குழாய்த் திறப்பு போட்டு, வேலை முடிந்ததும் மூடிவைக்கும் பழக்கம் இருந்தால் இந்தத் தொல்லை திரும்பி வருவது குறையும்.

சாவியை விட்ட பிறகும் ஸ்டார்ட்டர் சுற்றிக்கொண்டே இருக்கிறது!

பேட்டரியின் மைனஸ் கேபிளை உடனே கழற்றுங்கள். சோலினாய்டுக்குள் செம்பு உருகி ஒட்டிவிட்டது. ஒட்டியதைத் தட்டிப் பிரித்து மறுபடி ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், அடுத்த முறை ஒட்டியதை உடனே கவனிக்காவிட்டால் தீப்பிடிக்கக்கூடும். புதுசு போடுங்கள். பேட்டரி பலவீனமாக இருந்து திரும்பத் திரும்ப முயன்றதால்தான் பெரும்பாலும் இப்படி ஒட்டுகிறது, பேட்டரியையும் சேர்த்துப் பாருங்கள்.

காரிலிருந்து ஜம்ப் செய்யலாமா?

செய்யலாம், கார் இன்ஜினை அணைத்துவிட்டு. லோரியிலிருந்து வேண்டாம், தோட்டத்தில் ஓடும் பெரிய லோரிகள் பல 24 வோல்ட், மெஷினின் வயரெல்லாம் கருகிவிடும். சிவப்பு கேபிளை முதலில் மெஷின் பேட்டரியின் பிளஸ்ஸிலும் அடுத்து கார் பேட்டரியின் பிளஸ்ஸிலும் மாட்டுங்கள். கறுப்பைக் கார் பேட்டரியின் மைனஸில் மாட்டி, கடைசி முனையை மெஷின் இன்ஜினின் வெற்று இரும்பில், பேட்டரியைவிட்டுத் தள்ளி மாட்டுங்கள். பேட்டரியிலிருந்து வரும் வாயு தீப்பிடிக்கும், கடைசித் தீப்பொறி அதன் பக்கத்தில் விழக்கூடாது.

ஓடிவிட்டது என்றால் உங்களுக்கு ஒரு விஷயம் தெரிந்துவிட்டது: ஸ்டார்ட்டர் நல்லது, உங்கள் பேட்டரியோ அதன் முனைகளோதான் பிரச்சினை.

எவ்வளவு நேரம் சாவியைப் பிடித்துத் திருப்பலாம்?

ஐந்து விநாடி. பிறகு ஒரு நிமிடம் ஆறவிடுங்கள். இந்தச் சின்ன மோட்டார்கள் தொடர்ந்து சுற்றுவதற்காகச் செய்யப்பட்டவை இல்லை, பிடித்துக்கொண்டே இருந்தால் உள்ளே சுருள் வெந்துவிடும். நல்ல ஸ்டார்ட்டரைப் பாழாக்குகிற பழக்கங்களில் முதலிடம் இதற்குத்தான்.

புது பேட்டரி போட்டேன், மறுபடியும் இறங்கிவிட்டது. பேட்டரி போலியா?

பேட்டரியைத் திட்டுவதற்கு முன்னால் சார்ஜ் ஏறுகிறதா பாருங்கள். இன்ஜினை முழு வேகத்தில் ஓடவிட்டுப் பேட்டரியில் மீட்டர் வையுங்கள். 13.5 முதல் 14.5 வரை வந்தால் சார்ஜ் ஏறுகிறது. 12.5-இலேயே நின்றால் ஃபிளைவீலுக்கு அடியில் கரண்ட் உண்டாக்கும் சுருளான ஸ்டேட்டர், அந்தக் கரண்டைச் சீராக்கும் ரெகுலேட்டர், அவற்றுக்கு நடுவில் உள்ள வயர் பிளக் ஆகியவற்றில் கோளாறு. வயர் பிளக்கைத்தான் முதலில் பாருங்கள், சூட்டில் கருகியிருக்கும்.

இன்னொன்று, சின்ன இன்ஜின்கள் பலவற்றில் சார்ஜ் 3 ஆம்பியர் அளவுதான். ஐந்து நிமிடம் ஓட்டி அணைத்து, மறுபடி ஸ்டார்ட் செய்து, மறுபடி அணைத்து என்று வேலை செய்தால் செலவான கரண்ட் திரும்பி ஏற நேரமே இருக்காது. சாவியை ஆன் நிலையில் விட்டுப் போவதும் பேட்டரியைக் குடிக்கும், முன்னே சொன்ன கார்புரேட்டர் சோலினாய்டு இரவெல்லாம் கரண்ட் இழுத்துக்கொண்டிருக்கும்.

வெளியே சார்ஜ் போடும்போது மெதுவாகப் போடுங்கள். புல்வெட்டி பேட்டரி சின்னது, 2 அல்லது 3 ஆம்பியர் போதும். கார் பட்டறையில் வேகமாக ஏற்றிக் கொடுத்தால் சூடாகி ஆயுள் குறையும். காலியான பேட்டரியை வாரக்கணக்கில் அப்படியே விடுவது அதைவிடக் கேடு, உள்ளே தகட்டில் படிவு இறுகிவிட்டால் பிறகு எவ்வளவு ஏற்றினாலும் நிற்காது. தண்ணீர் ஊற்றும் வகை என்றால் பேட்டரித் தண்ணீர் மட்டும் ஊற்றுங்கள், குழாய்த் தண்ணீர் வேண்டாம்.

மழைக்காலத்தில்தான் அதிகமாக மக்கர் செய்கிறது. ஏன்?

அக்டோபர், நவம்பரில் சாயங்காலம் தவறாமல் கொட்டுகிறது, புல் ஈரமாக இருப்பதால் மெஷின் நாள்கணக்கில் நிற்கிறது, தீபாவளி விடுமுறையும் சேர்ந்துகொள்கிறது. நின்ற பேட்டரி தானாகவே இறங்கும். ஈரம் சுவிட்சுக்குள் போகும். அப்புறம் எறும்பு: சாவி சுவிட்சுக்குள்ளும் பாதுகாப்பு சுவிட்சுகளுக்குள்ளும் கூடு கட்டி, செம்புக்கு நடுவில் நசுங்கிக் கரண்டை மறைத்துவிடும். எலி வயரின் தோலைக் கடிக்கும். பட்டறையில் நான் பார்க்கும் மழைக்காலக் கோளாறுகளில் இவை இரண்டும் எப்போதும் இருக்கும்.

தார்ப்பாய் போட்டுத் தரைவரை மூடிக் கட்டாதீர்கள், ஈரம் உள்ளேயே தங்கும். கூரைக்குக் கீழே காற்றோட்டமாக நிறுத்துங்கள். வேலை முடிந்ததும் புல்லை ஊதித் தள்ளுங்கள், அழுத்தத் தண்ணீரை ஸ்டார்ட்டர் பக்கமும் டேஷ்போர்டு பக்கமும் அடிக்க வேண்டாம். ஓரிரு வாரம் நிற்கப்போகிறது என்றால் மைனஸ் கேபிளைக் கழற்றி வையுங்கள். மாதம் ஒருமுறை அரை மணி நேரமாவது முழு வேகத்தில் ஓடவிடுங்கள்.

எல்லாம் பார்த்தாகிவிட்டது. ஸ்டார்ட்டர்தான் என்று எப்படி உறுதி செய்வது?

சாவியைத் திருப்பும்போது ஸ்டார்ட்டரின் தடித்த நட்டில் மீட்டர் 10 வோல்ட்டுக்கு மேல் காட்டுகிறது, எர்த் நல்லது, இன்ஜினைக் கையால் சுற்றினால் சுற்றுகிறது, அப்படியும் மோட்டார் சும்மா இருக்கிறது. இப்போது சந்தேகமே வேண்டாம், ஸ்டார்ட்டர்தான்.

அப்போதும் உடனே தூக்கிப் போடாதீர்கள். கழற்றித் திறந்து பார்த்தால் பல நேரம் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும், அல்லது பிரஷ் தூசியால் சிக்கியிருக்கும். பிரஷ் தனியாகக் கிடைத்தால் மாற்றுங்கள், அது உரசும் செம்பு வளையத்தை மெல்லிய உப்புத்தாளால் துடையுங்கள். சுருள் கருகிய வாடை வந்தாலோ, உடம்பில் ஒட்டியிருக்கும் காந்தம் உடைந்து கழன்றிருந்தாலோதான் புதுசு.

புது ஸ்டார்ட்டர் வாங்கப் போகும்போது என்ன சொல்லிக் கேட்க வேண்டும்?

மெஷினின் பெயரை மட்டும் சொல்லாதீர்கள். ஒரே பெயரில் வரும் மெஷினில் வேறு வேறு இன்ஜின் இருக்கும். இன்ஜினின் மேல் மூடியிலோ வால்வு மூடியிலோ அச்சடித்திருக்கும் மாடல் எண்ணையும் வகை எண்ணையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய ஸ்டார்ட்டரையும் கையோடு எடுத்துப் போங்கள்: பல்சக்கரத்தின் பற்களை எண்ணிப் பாருங்கள், உடம்பின் நீளத்தையும் திருகு ஓட்டைகளின் தூரத்தையும் ஒன்றோடொன்று வைத்துப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள். இங்கே கிடைக்காவிட்டால் ஈப்போவில் கேட்டுப் பாருங்கள். மாட்டும்போது ஓட்டையையும் திருகையும் சுத்தமாகத் துடைத்து மாட்டுங்கள், ஸ்டார்ட்டரின் எர்த் அந்தத் திருகு வழியாகத்தான் போகிறது.